ஏற்காட்டில் பிடி கழன்று துருவும் ஏறிய கத்தி: அடுத்து எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (அஸ்தம்பட்டி)

வணக்கம். சென்ற மாதம் நாகலூர் அருகே நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், அவருடைய அனுமதியுடன், குடும்பத்தோடு இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கினோம். அதற்கென்றே மடக்காத கத்தி ஒன்றை வாங்கியிருந்தேன். அலகு ஏழு அங்குலம், தோல் உறை, பார்வைக்கு மிகவும் உறுதியானது. முதல் நாள் மாலை, மணிக்கட்டுப் பருமனுள்ள சில்வர் ஓக் விறகின்மேல் அதை வைத்து, முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்கப் பார்த்தேன். நான்காவது தட்டில் அலகு விறகிலேயே நின்றுவிட, பிடி மட்டும் கையோடு வந்தது. உள்ளே பென்சிலைவிட ஒல்லியான கம்பி நுழைந்திருந்த துளையும் காய்ந்த பசையும்தான் இருந்தன. அலகைத் துடைத்து உறையில் செருகி வைத்தேன். விடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளிகள்.

இதைச் சரிசெய்து பயன்படுத்தலாமா? புதிதாக வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் (சூரமங்கலம்)

ஐயா, பிடி மட்டும் போனது நல்ல காலம். இந்த வேலைக்கு அதை மறுபடியும் நம்ப வேண்டாம். பசை வைத்து ஒட்டினால் காய்கறி நறுக்கலாம், அவ்வளவுதான்.

பிடிக்குள் செல்லும் எஃகுப் பகுதியை டாங் என்பார்கள். உங்கள் கத்தியில் அது கம்பியாக ஒடுங்கிவிட்டதால், முதுகில் விழுந்த ஒவ்வோர் அடியும் அந்த ஒட்டைத்தான் உலுக்கியிருக்கிறது. அலகின் அதே அகலத்தில் எஃகு பிடியின் கடைசிவரை வந்து, இரண்டு பக்கமும் பிடித்துண்டுகள் ஆணியால் இறுக்கப்பட்டதை வாங்குங்கள். பிடியின் விளிம்பைச் சுற்றிலும் எஃகு கோடாகத் தெரிவதே அதற்கு அடையாளம். மோரா என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் கத்திகள் சிலவற்றில் எஃகு கடைசிவரை வராது என்றாலும் அகலமாக உள்ளே இறங்கியிருப்பதால் அன்றாட வேலையைத் தாங்கும்.

ஏழு அங்குலம் தேவையே இல்லை. கயிறு அறுப்பது, கூடார முளை சீவுவது, சமைப்பது ஆகிய மூன்றுக்கும் பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் அலகும், மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனமும் போதும். நீளம் கூடக்கூட முனை கையின் கட்டுப்பாட்டிலிருந்து விலகிப் போகிறது.

பதில் (ஓமலூர்)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கென வடிவமைக்கப்படாத கத்தியின் அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் அது ஆயுதப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. துருவுக்கு என்ன செய்வது? லாரியின் கமான் பட்டை எஃகில் பட்டறையில் அடித்து வாங்கினால் உறுதியாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார்.

பதில் (ஏற்காடு)

அப்பா சொல்வது சரிதான், ஆனால் அதை அரிவாளாக அடித்து வாங்குங்கள். எங்கள் தோட்டத்தில் கிளை கழிக்கவும் விறகு பிளக்கவும் அரிவாளைத்தான் எடுப்போம். அந்தப் பாரத்தைச் சிறு கத்தியின் தலையில் ஏற்றுவதே தவறு. மேலும், லாரிப் பட்டை எஃகில் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. இங்கே 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துணி காயாத ஊரில் எண்ணெய் பூசாத இரும்பு ஒரே இரவில் பழுத்துவிடும்.

அதனால் கத்தியைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். 12சி27 என்ற ஸ்வீடன் எஃகில் குரோமியம் சுமார் 13.5 விழுக்காடு, கார்பன் 0.6 விழுக்காடு, இங்குள்ள ஈரத்தைத் தாங்கும், சாதாரண சாணைக்கல்லிலேயே கூர் ஏறும். அதுவும் துருவே பிடிக்காது என்று எண்ணி எலுமிச்சைச் சாறோடு விட்டுவிடக் கூடாது.

உங்கள் அலகைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தத் தோல் உறைதான். தோல் ஈரத்தை உறிஞ்சி, இரவு முழுவதும் அலகோடு ஒட்டி வைத்திருக்கும். பதனிட்ட உப்பும் அதில் தங்கியிருக்கலாம். அடியில் நீர் வடியும் துளையுள்ள பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். இப்போதுள்ள புள்ளிகளை மெல்லிய உப்புத்தாளில் தேங்காய் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் தேயுங்கள். விரலால் தடவும்போது குழி தட்டாவிட்டால் துரு மேலோடுதான், வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

தேய்த்துப் பார்த்தேன். இடப்பக்கம் சுத்தமாகிவிட்டது, வலப்பக்கம், பிடிக்கு அருகே இரண்டு இடங்களில் நகம் தட்டுகிறது. அதை ஒதுக்கிவிட்டு, பதினோரு சென்டிமீட்டர் அலகில் ஒன்று பார்த்திருக்கிறேன். பிடியின் விளிம்பில் எஃகுக் கோடு கடைசிவரை தெரிகிறது. விறகுக்கு அப்பாவின் அரிவாள் வருகிறது.