அப்பா அம்மா வர்றாங்க: சைக்கிள், ஓட்டம், பேஸ்பால்னு பக்கத்துலயே எங்க கூட்டிட்டுப் போகலாம்? (அமெரிக்காவுல சியாட்டிலை ஒட்டின பாத்தல், ரெட்மண்ட் பக்கம்)

பாத்தல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசியில அப்பாவும் அம்மாவும் பாபநாசத்துலேர்ந்து வர்றாங்க. செப்டம்பர் கடைசி வரைக்கும் இருப்பாங்க. போன தடவை வந்தப்ப ஆர்வக்கோளாறுல மவுன்ட் ரெய்னியர், லெவன்வொர்த், ஒலிம்பிக்னு வாராவாரம் கார்ல நாலு மணி நேரம் உக்கார வச்சேன். அம்மா பாதி வழி தூங்கினாங்க, மீதி வழி வாந்தி வருதுன்னாங்க. ஊருக்குப் போய் அப்பா தன் சிநேகிதர்கள்கிட்ட சொன்ன ஒரே சேதி, "ரோடெல்லாம் நல்லா போட்டிருக்கான்."

அதனால இந்தத் தடவை பாத்தல், ரெட்மண்ட், போனாப் போகுது சியாட்டில். அதுக்கு மேல காரை எடுக்கறதில்லன்னு முடிவு.

வீட்டு நிலவரம்: மகளுக்கு 11, சைக்கிள் நல்லா ஓட்டுவா. மகனுக்கு 7, போன மாசம்தான் பக்கத்துச் சக்கரத்தைக் கழட்டினோம். சியாட்டில் பேஸ்பால் அணி மரினர்ஸ்னா பைத்தியம், அதுல ஆடற கால் ராலி (Cal Raleigh) பேர் போட்ட பனியனைத் துவைக்கவே விட மாட்டான். மனைவி வாரத்துல மூணு நாள் ஓடறாங்க. அப்பாவுக்கு 70, பொதுப்பணித்துறையில இருந்தவர், அஞ்சு கிலோமீட்டர் சாதாரணமா நடப்பார். அம்மாவுக்கு முட்டி வலி, அரை மைலுக்கு ஒரு பெஞ்சு வேணும். இன்னும் ரெண்டு நண்பர் குடும்பமும் சேர்ந்துக்கும்.

இத்தனை பேரையும் வச்சுக்கிட்டு சைக்கிள், ஓட்டம், பேஸ்பால்னு கிளம்பினவங்க இருந்தா, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. அப்பாவை பேஸ்பாலுக்குக் கூட்டிட்டுப் போறது வீண்செலவா?

---

மேரிமூர்_மதுரைக்காரி:

சகோ, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் ஒண்ணாவே போகணும்னு நினைக்காதீங்க. நாங்க ரெண்டு கோடை அப்படி அல்லாடினோம். சைக்கிள்ல போறவங்க நின்னு நின்னு கடுப்பாவாங்க, நடக்கிறவங்க வேகமா வரப் பாத்து மூச்சு வாங்குவாங்க, கடைசியில யாரும் யார்கூடவும் பேச மாட்டாங்க. இப்ப எங்க வீட்டுச் சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்: சோத்து மூட்டை எங்க இருக்கோ, பன்னெண்டரைக்குள்ள அங்க வந்து சேரணும். எப்படி வர்றீங்கங்கிறது உங்க பாடு.

சமாமிஷ் ஆத்தோரப் பாதைதான் இதுக்குன்னே அமைஞ்ச இடம். பாத்தல் லேண்டிங்ல ஆரம்பிச்சு ரெட்மண்ட் மேரிமூர் பார்க் வரைக்கும் ஏறத்தாழ 11 மைல். தார் போட்டது, மேடே கிடையாது. நடுவுல வுடின்வில்ல வில்மாட் கேட்வே பார்க் இருக்கு பாருங்க, அதுதான் எங்க சந்திக்கிற இடம். உங்க பக்கத்துலேர்ந்து மூணு நாலு மைல் இருக்கும், உங்க பையன் தாராளமா ஓட்டிருவான். வீட்டுக்காரர் அம்மாவையும் புளியோதரையையும் கார்ல அங்க இறக்கிருவாரு. பெஞ்சு இருக்கு, புல்லு இருக்கு, எதிர்ல ஆறு ஓடுது. அம்மா பாட்டுக்கு உக்காந்து போற வர்ற நாயையெல்லாம் எண்ணிக்கிட்டிருப்பாங்க.

இனி முக்கியமான விஷயம். அப்பாவைப் பாதையில இறக்கிவிடறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு ஒத்திகை பாருங்க. விளையாட்டுக்குச் சொல்லல.

எங்கப்பா ஊர்ப் பழக்கத்துல இடது ஓரமாத்தான் நடப்பாரு. இங்க வலது ஓரம். அதைச் சொல்லிச் சொல்லிச் சரி பண்ணிட்டோம். ஆனா பின்னாடி வர்ற சைக்கிள்காரங்க "ஆன் யுவர் லெஃப்ட்"னு ஒரு குரல் குடுப்பாங்கள்ல? உங்களுக்கு இடது பக்கமாத் தாண்டிப் போறேன், நீங்க அப்படியே இருங்கன்னு அர்த்தம். எங்கப்பா காதுல விழுந்தது "லெஃப்ட்" மட்டும்தான். பெரிய மனுஷன் சொல்றாரேன்னு, மரியாதையா, டக்குனு லெஃப்ட்டுக்கு நகந்துட்டாரு. அந்த ஆளு கிறீச்னு பிரேக்கைப் பிடிச்சு, ஒரு காலை பிளாக்பெரி முள்ளுக்குள்ள ஊனி நின்னாரு. லைக்ரா பேன்ட்ல முள்ளு கொத்தா ஏறிருச்சு. எங்கப்பா அவர்கிட்ட போய், "சாரி சார், யூ ஒன்லி டோல்ட் லெஃப்ட்!" பாவம், அந்த மனுஷன் முள்ளைப் பிடுங்கிக்கிட்டே சிரிச்சுட்டாரு.

சரி, குரல்தான் குழப்புது, மணி அடிச்சாப் புரியும்னு பாத்தா, மணிச் சத்தம் கேட்டா இன்னும் வேகமா ஒதுங்குறாரு! நம்மூர்ல மணி அடிச்சா வழி விடுன்னுதானே அர்த்தம். கடைசியில ஒரே வரியில முடிச்சுட்டேன்: "அப்பா, பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் மரம் மாதிரி நில்லுங்க." இப்ப சரியாயிருச்சு.

பாதையில மணிக்கு 15 மைல்தான் வேகக் கட்டுப்பாடு. ஆனா சனி ஞாயிறு மத்தியானம் சில பேர் பந்தயத்துக்குப் போற மாதிரி வருவாங்க, பையனை வச்சுக்கிட்டுக் காலைல ஒன்பதுக்குள்ள கிளம்பிருங்க. ஹெல்மெட் கட்டாயங்கிற கிங் கவுன்ட்டி விதியை 2022ல எடுத்துட்டாங்க. எங்க வீட்ல எடுக்கல.

ஆகஸ்ட்ல பாதை நெடுக பிளாக்பெரி பழுத்துத் தொங்கும். இது இங்க களைச்செடி, பறிச்சா யாரும் கேக்க மாட்டாங்க. மருந்து அடிச்சிருக்குன்னு போர்டு இருந்தா மட்டும் தொடாதீங்க. அம்மாவுக்கு முட்டி வலின்னாலும் கையில ஒரு தூக்குச்சட்டியைக் குடுத்துப் பாருங்க, பெஞ்சே வேண்டாம்பாங்க. எங்கம்மா ரெண்டு தூக்கு பறிச்சு, வெல்லமும் மிளகாப்பொடியும் போட்டுத் தொக்கு கிண்டினாங்க. தயிர்சாதத்துக்கு அப்படி ஒரு ஜோடி.

பேஸ்பாலுக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. நாங்க சியாட்டில்ல மரினர்ஸ் ஆடற மைதானம், டி-மொபைல் பார்க்குக்குப் போனோம். அம்மா ஆட்டத்தை ஒரு பந்துகூடப் பாக்கல. ஆனா இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தித்தான் பேச்சு. ஏன்னா அங்க வறுத்த வெட்டுக்கிளி விக்கிறாங்க, மெக்ஸிகோக்காரங்க பண்ற மாதிரி எலுமிச்சை, மிளகாய் எல்லாம் போட்டு. என் மகன் "அம்மாச்சி பாத்தா மயங்கி விழுந்திருவாங்க"ன்னு வம்புக்கு வாங்கிட்டு வந்தான். அம்மாச்சி அதைக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "மழைக்கு ஈசல் பிடிச்சுப் பொரியரிசியோட வறுத்துத் தின்னவ நான். எங்கிட்டயே காட்டுறியா?"ன்னு கேட்டு நறுக்குனு கடிச்சாங்க. "உப்பு பத்தல"ன்னாங்க. அவன்தான் ஒண்ணைக்கூட வாயில வைக்கல.

---

லெஃப்ட்_ஃபீல்டு:

அந்த வெட்டுக்கிளி பத்தி ஒரு துணுக்கு. 2017ல அதை விக்க ஆரம்பிச்சதும் கூட்டம் அலைமோதி, ஒரு ஆட்டத்துக்கு 312 கிண்ணம்தான்னு அளவு வச்சாங்க. 312 எதுக்குன்னா, மரினர்ஸோட பழைய ஆட்டக்காரர் எட்கர் மார்ட்டினஸோட வாழ்நாள் பேட்டிங் சராசரி .312. சாப்பாட்டுலகூடக் கணக்கு பாக்கிற விளையாட்டு இது.

பாத்தல்வாசி, மதுரைக்காரி அக்கா சொல்றதுல எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. முதல் ஆட்டத்துக்கு சியாட்டில் வேண்டாம், எவரெட் போங்க. அக்வாசாக்ஸ், மரினர்ஸோட சின்ன லீக் அணி. மைதானம் சின்னது, டிக்கெட் கம்மி, நிறுத்துற இடத்துக்கு அடிச்சுக்க வேண்டாம். எங்க உக்காந்தாலும் பிட்சர் (பந்து வீசறவர்) துப்புறதுகூடத் தெரியும். வெப்லின்னு ஒரு தவளை வேஷக்காரர் குழந்தைங்களோட கூத்தடிப்பார். பின்னாடி மரினர்ஸோட பெரிய நட்சத்திரமான கென் கிரிஃபி ஜூனியர் 1987ல தொழில்முறை ஆட்டக்காரரா முதல் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சது இந்த மைதானத்துலதான். பந்து விழுந்த இடத்துல, வெளிய நடைபாதையில ஒரு தகடு பதிச்சிருக்காங்க. மகனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

கிரிக்கெட் தெரிஞ்ச அப்பாவுக்கு அதிகம் விளக்க வேண்டாம். பந்து கோட்டுக்குள்ள போனா மட்டையைப் போட்டுட்டு ஓடியே ஆகணும், தட்டிவிட்டு நிக்கிற வேலை கிடையாது. பின்னாடி போற பந்துக்கு ரன் இல்ல, ஃபவுல். விஸ்வநாத் லேட் கட்டெல்லாம் இங்க செல்லாது. மூணு பேர் அவுட்டானா பக்கம் மாறும், அப்படி ஒன்பது சுத்து. 2023ல பிட்சருக்குக் கடிகாரம் வச்ச பிறகு ஆட்டம் ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சுடுது. கூட்டத்துக்குள்ள வர்ற பந்தைத் திருப்பித் தர வேண்டாம், பிடிச்சவங்களுக்கே சொந்தம். இதை அப்பாகிட்ட மறக்காமச் சொல்லுங்க. எங்க மாமனார் மைதானத்துக்குள்ள திருப்பி வீசிட்டார். சுத்தி இருந்த பசங்க முகத்தைப் பாக்கணுமே!

பிறகு சியாட்டிலுக்குப் போகணும்னா லின்வுட்ல காரை நிறுத்திட்டு ரயில்ல போங்க, ஸ்டேடியம் ஸ்டேஷன்ல இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. ஞாயிறு மத்தியான ஆட்டமா பாருங்க. 300ங்கிற எண்ல ஆரம்பிக்கிற மேல் அடுக்குல படி செங்குத்து, முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது. சாப்பாடு வீட்லேர்ந்து கொண்டு போகலாம், தண்ணி பாட்டில் மட்டும் சீல் உடைக்காம இருக்கணும்.

---

மேரிமூர்_மதுரைக்காரி:

எவரெட்டுக்கு நானும் ஓட்டுப் போடறேன். ஆனா அங்க வெட்டுக்கிளி கிடைக்குமா தம்பி? 😀

---

மெதுவோட்டம்:

ஓட்டத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. ரென்டன்ல சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பார்க்ரன் நடக்குது, சீடர் ஆத்தோரமா 5 கிலோமீட்டர். காசு கிடையாது. இணையத்துல ஒரு தடவை பதிஞ்சு பார்கோடு எடுத்துக்கிட்டாப் போதும். 2004ல லண்டன் புஷி பார்க்ல ஆரம்பிச்சது, எந்த ஊர் பார்க்ரன்லயும் அதே பார்கோடு செல்லும். உங்க மனைவி ஓடட்டும், அப்பா நடக்கட்டும். கடைசியா வர்றதுக்குன்னே ஒரு தன்னார்வலர் இருப்பார், அதனால அப்பா எவ்வளவு மெதுவா வந்தாலும் கடைசி ஆள் ஆக மாட்டார். மகன் ஓடினா நீங்க கை எட்டுற தூரத்துல கூடவே ஓடணும், 11 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அது விதி.

அம்மாவை சும்மா உக்கார வைக்காதீங்க, தன்னார்வலரா சேர்த்துவிடுங்க. உக்காந்தே செய்யற வேலையும் இருக்கு.

---

பாத்தல்வாசி (செப்டம்பர்):

கேள்வியைக் கேட்டுட்டு ஓடிப்போற ஆள் நான் இல்லன்னு காட்டத்தான் திரும்பி வந்தேன்.

ஒத்திகை பார்த்தோம் அக்கா. ஹால்ல நான் பின்னாடி நின்னு "ஆன் யுவர் லெஃப்ட்"னு கத்த, அப்பா சோபா பக்கத்துல மரமா நின்னார். பாதையில ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா அவருக்கு சைக்கிளைவிட ஆறுதான் உறுத்துச்சு. முதல் நாளே கரையில நின்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "இது ஆறு இல்லடா, வாய்க்கால். ஆறு இப்படிக் கோடு கிழிச்ச மாதிரி போகாது. யாரோ வெட்டி நேர் பண்ணியிருக்கான்"னார். நான் சும்மா இருங்கப்பான்னுட்டேன். ராத்திரி தேடிப் பார்த்தா, 1916ல கப்பல் கால்வாய் வெட்டினப்ப, இந்த ஆறு போய்ச் சேர்ற வாஷிங்டன் ஏரி ஒன்பது அடி இறங்கியிருக்கு, அதோட இந்த ஆத்துலயும் தண்ணி குறைஞ்சிருக்கு. பிறகு 1960கள்ல ராணுவப் பொறியாளர்கள் ஆழப்படுத்தி நேராக்கியிருக்காங்க. காலைல சொன்னேன். காபியைக் கீழ வைக்காமலே, "முப்பத்தஞ்சு வருஷம் அரசலாத்துல வேற என்ன பார்த்தேன்?"னு கேட்டார்.

மகன் வில்மாட் பார்க் வரைக்கும் ஓட்டிட்டான். ரெண்டு தடவை விழுந்தான், ரெண்டு தடவையும் நின்ன இடத்துலதான். நண்பர் குடும்பத்துல ஒருத்தர் பத்தரை மணிக்கே வந்து புளியோதரையில கை வச்சுட்டார், அந்தப் பஞ்சாயத்து தனி.

எவரெட்ல அப்பாவுக்கு ஆட்டம் பிடிச்சுப்போச்சு. எது பிடிச்சுதுன்னு கேட்டா, சில சுத்துக்கு நடுவுல ஆளுங்க வந்து மண்ணை வாரிச் சமன் பண்றதுதானாம். சியாட்டில்ல பக்கத்துலயே சரக்கு ரயில் ஊதிக்கிட்டுப் போக, மேல கூரை நகர்ந்து வர, ஆட்டத்தை விட்டுட்டுக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தார். அம்மா வெட்டுக்கிளியைத் தொடல, நாங்க சைவம்.

ரென்டன்ல அம்மா நாலு வாரம் தன்னார்வலர். சுடிதாருக்கு மேல பளிச்னு ஒரு மேல்சட்டையைப் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்து, ஓடி முடிக்கிறவங்களுக்கு வரிசை எண் டோக்கன் குடுக்கிற வேலை. ஒருத்தர் ஓடி வந்த வேகத்துல வரிசையை மீறி முன்னாடி போய்க் கையை நீட்ட, "லைன்... லைன்!"னு ஒரு அதட்டல். பாபநாசம் ரேஷன் கடையில நாப்பது வருஷம் வரிசையில நின்ன அனுபவம். மனைவி அன்னைக்கு 31 நிமிஷத்துல முடிச்சா, அதை யாரும் கண்டுக்கல.

முடிச்சதும் ஆத்து மேலயே பாலம் மாதிரி கட்டியிருக்கிற ரென்டன் நூலகத்துக்குப் போவோம். அங்க ஒரு பெண்மணி அப்பாகிட்ட, அக்டோபர்ல வந்து பாருங்க, இதோ இந்த நூலகத்துக்கு அடியிலதான் சால்மன் கூட்டம் கூட்டமா எதிர்நீச்சல் போட்டுப் போகும்னு சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து தினமும், "மீன் ஏறறதைப் பார்த்துட்டுப் போலாமே"ன்னு ஆரம்பிச்சிருக்கார். டிக்கெட் இந்த மாசம் 28. மூணு வாரம் தள்ளிப் போடணும்னா எவ்வளவு பிடிப்பாங்கன்னு சமீபத்துல மாத்தினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.