ஐடிலிங்கில் நடுங்கும் வி6 பிக்கப்: சென்சார்களை மாற்றியும் லீன் கோடு திரும்ப வருகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓமன் நாட்டில், நிஸ்வாவில் வேலை செய்கிறேன். என்னுடையது 4.0 லிட்டர் வி6 பெட்ரோல் பிக்கப். 2,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு மாதமாகச் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171, பி0174 ஆகிய இரண்டு கோடுகள் (கோளாறு எண்கள்), அதாவது இரண்டு பக்கச் சிலிண்டர்களும் லீன் (காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவை) என்று வருகின்றன. பட்டறையில் முன்பக்க ஆக்சிஜன் சென்சார்கள் இரண்டையும் மாற்றினார்கள். மூன்றாம் நாளே விளக்கு மீண்டும் எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது இருக்கை வரை நடுக்கம் தெரிகிறது. ஆனால் சுமை ஏற்றிக்கொண்டு ஜபல் அக்தர் மலையேறினாலும் இழுவையில் குறை இல்லை. அடுத்து எதைப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

நண்பரே, பெட்ரோலில் எடைக்கு எடை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்பது சரியான கலவை. அதைவிடக் காற்று மிகுந்தால் லீன். ஆக்சிஜன் சென்சார் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து அந்த மிகுதியைத் தெரிவிக்கிறது. இரண்டு சென்சார்களும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பொய் சொல்வது மிக அரிது. இரண்டு பக்கமும் சேர்ந்து லீன் ஆனால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்கும்: கணக்கில் வராமல் உள்ளே நுழையும் காற்று, காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், அல்லது எரிபொருள் அழுத்தம். ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால், அந்தப் பக்கத்து இன்டேக் கேஸ்கட், இன்ஜெக்டர், சென்சாருக்கு முன்னால் உள்ள எக்ஸாஸ்ட் ஓட்டை என்று தேடச் சொல்லியிருப்பேன்.

தயவுசெய்து கோடுகளை இப்போது அழிக்க வேண்டாம். அழித்தால் கோளாறு பதிவான நேரத்து விவரங்களும் போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் ஐடிலிங்கிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை), 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்தும், ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் அளவுகளை, அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பதை (ஷார்ட் என்பது அந்த நொடிக்கான திருத்தம், லாங் என்பது நாளடைவில் நிலைத்த திருத்தம்) எழுதி அனுப்புங்கள். மற்றதை அந்த எண்களை வைத்துப் பேசலாம்.

பதில் 2

டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும் இதே இரண்டு கோடுகள் வரும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். என் வண்டியில் அப்படித்தான் நேர்ந்தது. ஐடிலிங் அமைதியாக இருக்கும். ஏற்றத்தில் மிதித்தால் வண்டி திணறும். அழுத்தமானி பொருத்தி, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். லீனாகவே சுமை இழுத்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் வரை சேதமாகும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இன்று மாலை பார்த்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஐடிலிங்கில் லாங் டேர்ம் +24, ஷார்ட் டேர்ம் +6. அதே வண்டி 2,500 ஆர்பிஎம்மில் லாங் டேர்ம் +9, ஷார்ட் டேர்ம் +1. ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதி ஊதி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1

இந்த எண்களே பாதி வேலையை முடித்துவிட்டன. ஐடிலிங்கில் மொத்தம் 30 விழுக்காடு கூடுதல் எரிபொருள் கொடுத்தும் கம்ப்யூட்டருக்குப் போதவில்லை. வேகம் கூடியதும் அது 10 ஆக இறங்குகிறது. த்ராட்டில் (காற்றை விடும் கதவு) மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) வேக்கம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, பலமாக இருக்கும், இன்ஜின் குடிக்கும் காற்றும் குறைவு. அப்போது சிறு வெடிப்பு வழியாக நுழையும் காற்றுகூடப் பெரும்பங்காகிவிடும். த்ராட்டில் திறந்ததும் மொத்தக் காற்று பல மடங்காவதால் அதே கசிவு பொருட்டில்லாமல் போகிறது. பம்ப் தளர்ந்திருந்தால் இது தலைகீழாக, அதாவது சுமையில்தான் டிரிம் ஏறியிருக்கும். மேலே நண்பர் சொன்ன அறிகுறியும் உங்கள் வண்டியின் அறிகுறியும் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே வேக்கம் கசிவைத் தேடுங்கள். ஸ்மோக் மெஷின் உள்ள பட்டறையாகப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, காற்று நுழையும் வாயை அடைத்து, ஒரு பிஎஸ்ஐ அளவு மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும். கார்ப் கிளீனரைப் பீய்ச்சி ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீயை வரவழைக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை மீண்டும் மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் குழாய், இன்டேக் கேஸ்கட், ஆயில் மூடியின் ரப்பர் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வளைகுடா வெயிலில் ரப்பர் ஒருபுறம் காய்ந்து வெடிக்கும், ஆயில் ஆவி படும் இடத்தில் ஊறிக் கொழகொழத்தும் போகும்.

பதில் 3

2,500 ஆர்பிஎம்மில் மிஞ்சும் அந்த 10ஐயும் மறந்துவிடாதீர்கள். காகித ஃபில்டரை ஊதினால் மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதன் வழியாகப் போகும் தூசு மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படிந்து, வரும் காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். துணியோ பஞ்சோ பட்டால் கம்பி அறுந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

கிடைத்துவிட்டது. புகை விட்ட அரை நிமிடத்தில், த்ராட்டில் பாடிக்குப் பின்னால் மேனிஃபோல்டுக்குள் நுழையும் பிசிவி குழாயின் வளைவுக்கு அடியிலிருந்து நூல் போல வெண்புகை எழுந்தது. மேலிருந்து பார்த்தால் குழாய் புதிது போலவே இருக்கிறது. விரலை அடியில் விட்டபோதுதான் ரப்பர் மெழுகு போல ஒட்டியது, வெடிப்பு நகம் நுழையும் அளவுக்கு இருந்தது. குழாயை மாற்றியதும் ஐடிலிங் டிரிம் +9 ஆகவும், 2,500 ஆர்பிஎம்மில் +8 ஆகவும் நின்றன. நண்பர் சொன்னபடி சென்சாரைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, கோடுகளை அழித்து, மஸ்கட் வரை போய்த் திரும்பினேன். இப்போது இரண்டு இடத்திலும் +2, +3க்கு மேல் போகவில்லை. நடுக்கமும் நின்றுவிட்டது. சென்சார்களுக்குச் செலவழித்த தொகையை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பொறுமையாக விளக்கிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எடுத்த பழைய குழாயை டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது சென்சார் மாற்றியவரிடமே காட்டலாம் என்று இருக்கிறேன்.