சாண்ட்விச் ஊறாமலும் காயாமலும் இருக்க எந்தக் கவர், எப்படி சீல் செய்வது?

காலைப்பொட்டலம் (கேள்வி)

வணக்கம். காலை 5 மணிக்குத் தயாராகும் சாண்ட்விச்சை மதியம் 1 மணிக்குச் சாப்பிடுகிறார்கள். கொஞ்சம் மறுநாள் மதியம் வரை ஃபிரிட்ஜில் இருக்கும். நாளொன்றுக்கு 120 வரை போகும். முட்டை மயோனைஸ், சிக்கனோடு லெட்டூஸ் தக்காளி, சீஸோடு வெள்ளரி என்று மூன்று வகை. முக்கோணமாக வெட்டி, க்ளிங் ஃபிலிமில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்குகிறோம்.

தக்காளி வைத்ததில் அடிப் பிரெட் ஊறிவிடுகிறது. வெட்டிய பக்கம் காய்ந்து விறைக்கிறது. ஃபிலிமின் உட்புறம் நீர்த்துளி நிற்கிறது. மறுநாளுக்கு வைத்தவற்றில் பிரெட் கெட்டியாகி உதிர்கிறது.

ஹீட் சீல் கவருக்கு மாறலாமென்று இருக்கிறோம். எந்த ஃபிலிம், எத்தனை மைக்ரான், எந்த மெஷின்? நைட்ரஜன் நிரப்பினால் கூடுதலாகத் தாங்குமா?

ஃபிலிம்சுருள்

நீங்கள் சொன்ன நான்குக்கும் காரணம் வேறு வேறு. கவரை மாற்றினால் முழுதாகத் தீர்வது ஒன்றுதான், வெட்டிய பக்கம் காய்வது. மற்ற மூன்றையும் கவருக்கு முன்னாலேயே கவனிக்க வேண்டும்.

முதலில் ஊறுவது. பிரெட்டின் நீர்ச்செயல்பாடு (நகரக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்பதன் அளவு) ஏறத்தாழ 0.95, தக்காளி வெள்ளரிக்கு 0.99. இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் தக்காளியிலிருந்து பிரெட்டுக்குப் போய்த்தான் தீரும், எந்த ஃபிலிமில் சுற்றினாலும். நடுவே கொழுப்புத் திரை ஒன்று வேண்டும். 11 செ.மீ. சதுர பிரெட்டுக்கு வெண்ணெய் 5 முதல் 6 கிராம். அரை மில்லிமீட்டர் கனத்தில் ஓரம் வரைக்கும் தடவ அவ்வளவு தேவை. ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிட்டால் அந்த இடத்திலிருந்தே ஊற ஆரம்பிக்கும். வெண்ணெய் 18–20 டிகிரியில் இளகியிருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பிரெட்டைக் கிழிக்கும். உருக்கி ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும், திரையாக நிற்காது.

மயோனைஸ் இந்த வேலையைச் செய்யாது. வெண்ணெயில் நீர்த்துளிகள் கொழுப்புக்குள் சிறைப்பட்டிருக்கின்றன. மயோனைஸில் அது தலைகீழ், எண்ணெய்த்துளிகளைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் பிரெட்டைத் தொடும். முட்டை மயோனைஸ் வகைக்கும் அடியில் வெண்ணெய் தேவைப்படுவது இதனால்தான்.

தக்காளியை 5 மி.மீ. வில்லைகளாக வெட்டி, விதைக்கூழை எடுத்து, காகிதத் துண்டின்மேல் 10 நிமிடம் வடிய விடுங்கள். அதன்மேல் உப்பு தூவ வேண்டாம், தண்ணீரை இழுத்து வெளியே விடும். அடுக்கும்போது பிரெட், வெண்ணெய், சிக்கன், தக்காளி, லெட்டூஸ், வெண்ணெய், பிரெட் என்று வையுங்கள். லெட்டூஸ் நன்றாக உலர்ந்திருந்தால் அதுவும் ஒரு திரை. கழுவிய ஈரத்தோடு வைத்தால் அதுவே ஊறலுக்குக் காரணமாகிவிடும்.

இனி ஃபிலிம். க்ளிங் ஃபிலிம் 8–12 மைக்ரான்தான் இருக்கும். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே தவிர சீல் ஆகாது, அந்த இடுக்கு வழியாக ஈரம் போகும். உங்களுக்குப் பொருந்துவது 25–30 மைக்ரான் பிஓபிபி (இழுத்து நீட்டிய பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) கவர். நீராவியை நன்றாகத் தடுக்கும், கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் வாங்கும்போது இரண்டு பக்கமும் ஹீட் சீல் ஆகும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பிஓபிபி சூடு பட்டால் ஒட்டாமல் சுருங்கிப் போகும். மெஷின் சரியில்லை என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்தத் தவறான ஃபிலிம்தான். எல்டிபிஇ (மென்மையான பாலித்தீன்) கவர் 40 மைக்ரான் என்றால் சீல் செய்வது எளிது, 110–130 டிகிரியில் ஒட்டும். தெளிவு குறைவு, தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான்.

கவர் அளவு முக்கியம். சாண்ட்விச்சுக்கு மேலே 30 மி.மீ. இடம் விட்டால் போதும். கவருக்குள் காற்று அதிகமானால் அந்தக் காற்றை ஈரமாக்க பிரெட்தான் தண்ணீர் கொடுக்கும்.

சீல்கம்பி

ஃபிலிம் பத்தி மேலே சொன்னது சரி. மெஷின் பத்தி நான் சொல்றேன்.

120 எண்ணிக்கைக்கு மேசை இம்பல்ஸ் சீலர் (அழுத்தும்போது மட்டும் கம்பி சூடாகிற மெஷின்) போதும், ஆனா 5 மி.மீ. அகலக் கம்பி உள்ளதா வாங்குங்க. 2 மி.மீ. கோட்டில் ஒரு பிரெட் துகள் மாட்டினாலே வழி திறந்துடும். எண்ணிக்கை சில நூறைத் தாண்டினா அப்போ கன்வேயர் வைத்த பேண்ட் சீலர் (கவரை ஓடவிட்டே சீல் பண்ணுற மெஷின்) பாருங்க.

டயலைக் குறைவில் வைத்துத் தொடங்குங்க. காலிக் கவரை சீல் பண்ணி, ஆறவிட்டு, பிரிச்சுப் பாருங்க. ஸ்டிக்கர் உரியற மாதிரி கோடு பிரிஞ்சா சூடு பத்தலை. கோடு அப்படியே நின்னு பக்கத்து ஃபிலிம் இழுபட்டா இல்ல கிழிஞ்சா சரியான சீல். கோடு பழுப்படைஞ்சு, ஓட்டை விழுந்தா சூடு அதிகம். அரைப் புள்ளி அரைப் புள்ளியா ஏத்துங்க.

விளக்கு அணைஞ்சதும் கையை எடுக்காதீங்க. உருகின பிளாஸ்டிக் அழுத்தத்திலேயே ஆறணும், அதுக்கு இன்னும் 2 விநாடி வேணும். அவசரத்தில் எடுத்தா பார்வைக்கு சீல் ஆன மாதிரி இருக்கும், பெட்டியில் அடுக்கினதும் வாய் பிளக்கும். இதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற கோளாறு.

பக்கவாட்டு மடிப்பு வைத்த கவரில் இன்னொரு சிக்கல். ஓரத்தில் நாலு அடுக்கு, நடுவில் ரெண்டு அடுக்கு. நாலு ரெண்டா மாறுற இடத்தில் பொடி ஓட்டை நிற்கும். தட்டையான கவர் எடுத்தா அந்தத் தொல்லையே இல்லை.

மயோனைஸ் பட்ட வாய் ஒட்டாது. சாண்ட்விச்சை உள்ளே தள்ளும்போது கவர் வாயை 40 மி.மீ. வெளிப்பக்கம் மடிச்சு வைத்து, பிறகு நிமிர்த்தி சீல் பண்ணுங்க. கம்பிமேல் இருக்கும் டெஃப்லான் துணி கருகிப்போச்சுன்னா மாத்திடுங்க. கருகின இடத்தில் சீல் சமமா வராது.

சோதனைக்கு ஒவ்வொரு தொகுப்பிலும் ரெண்டு மூணு கவரை எடுத்து தண்ணிக்குள்ள அமுக்கிப் பாருங்க. குமிழி எங்கே வருதோ அங்கே ஓட்டை. சோதிச்ச பொட்டலத்தை விற்பனைக்கு வைக்காதீங்க.

குளிர்ச்சங்கிலி

இருவரும் கவரைப் பற்றியே சொல்லிவிட்டார்கள். கேள்வியில் எனக்கு உறுத்தியது வேறு. காலை 5 மணியிலிருந்து மதியம் 1 வரை 8 மணி நேரம் இந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? முட்டை, சிக்கன், மயோனைஸ் மூன்றும் குளிருக்கு வெளியே மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம். தயாரிக்கும் நேரம், வண்டியில் போகும் நேரம், மேசையில் காத்திருக்கும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நல்ல சீல் பிரெட்டை மென்மையாக வைத்திருக்கும், கிருமியை நிறுத்தாது. 5 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது மட்டுமே அதன் வேகத்தைக் குறைக்கும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும் என்பதால் மறுநாள் மதியத்தைத் தாண்டி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நீர்த்துளிக்கு வருகிறேன். அறைச்சூட்டில் சீல் செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் முதலில் குளிர்வது ஃபிலிம். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன்மேல் துளியாகப் படியும். ஆன்டிஃபாக் பூசிய ஃபிலிம் துளியைப் பரப்பி மெல்லிய படலமாக்கும், பார்வைக்குத் தெளிவாகத் தெரியும். தண்ணீர் அதே அளவுதான். எனவே சிக்கன், முட்டை, காய், சீஸ் எல்லாவற்றையும் முந்தைய இரவே 5 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வேகவைத்த சிக்கன் 60 டிகிரியிலிருந்து 2 மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாக வைத்தால் இறங்காது, 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் தட்டில் பரப்புங்கள். பிரெட்டும் சுட்ட சூடு முழுதும் தணிந்த பிறகே வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

சீல் செய்த பொட்டலங்களை உடனே அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்காதீர்கள். அட்டை குளிரை உள்ளே விடாது. கம்பித்தட்டில் ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுக் குளிரவைத்து, நடுப்பகுதி 5 டிகிரிக்கு வந்தபின் காப்புப்பெட்டிக்கு மாற்றுங்கள். ஐஸ் பேக் மேலே இருக்கட்டும், குளிர்காற்று கீழே இறங்கும். இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வெப்பமானியைச் செருகினால் உண்மை தெரியும். பெட்டிக்குள் காற்றின் வெப்பத்தை அளந்து பயனில்லை.

மறுநாள் பிரெட் கெட்டியாவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது காய்வதால் வருவதல்ல. மாவுப்பொருள் மறுபடி படிகமாகிறது. ஃபிரிட்ஜ் குளிரில்தான் அது மிக வேகம். காற்றுப்புகாத கவரிலும் நடக்கும். ஆனால் சிக்கனுக்காகக் குளிர் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பிரெட்டைத்தான் மாற்ற வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மென்மையான பால் பிரெட் வகைகள் இந்த ஒன்றரை நாளை நன்றாகத் தாங்கும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் உள்ளவை தாங்காது.

ஃபிலிம்சுருள்

நைட்ரஜன் கேள்விக்கு. உங்கள் காலக்கெடுவுக்கு வேண்டாம். வாயு நிரப்புவது முக்கியமாகப் பூஞ்சையையும் எண்ணெய்க் காறலையும் தள்ளிப்போட. ஒன்றரை நாளில் இரண்டும் உங்கள் பிரச்சினையே அல்ல. ஊறுவதையும் கெட்டியாவதையும் வாயு தடுக்காது. ஆக்சிஜனை 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால்தான் பலன் தெரியும். பிரெட்டின் துளைகளுக்குள் நிற்கும் காற்றை வெளியேற்றுவது கடினம். பிஓபிபி கவர் ஆக்சிஜனை உள்ளே விடும் என்பதால் ஆக்சிஜனைத் தடுக்கும் ஈவிஓஎச் பிளாஸ்டிக் அடுக்கு உள்ள ஃபிலிமும் தேவைப்படும். வாக்குவம் இன்னும் மோசம், பிரெட் நசுங்கித் தட்டையாகிவிடும்.

பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடம் போட்யூலினம் கிருமிக்கு உகந்தது. அதில் ஒரு வகை 3 டிகிரியிலேயே வளரும், கெட்டுப்போன வாசனை வராமலேயே நஞ்சை உண்டாக்கும். குளிர்ச்சி முழுதும் கட்டுப்பாட்டில் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காலைப்பொட்டலம்

மிக்க நன்றி. வண்டியில் ஐஸ் பேக் இல்லை, அதை முதலில் சரிசெய்கிறோம். இன்னும் இரண்டு கேள்வி. பிளாஸ்டிக் வேண்டாம் என்பவர்களுக்கு ஜன்னல் வைத்த முக்கோண அட்டைப்பெட்டி சரிவருமா? முன்கூட்டியே செய்து ஃபிரீசரில் வைக்க முடியுமா?

சீல்கம்பி

அட்டைப்பெட்டியில் ரெண்டு ரகம். மூடியைச் செருகுறதில் மூலையெல்லாம் திறந்திருக்கும், அன்னைக்கு மதியம் சாப்பிடுறதுக்கு மட்டும் சரி. விளிம்பை ஹீட் சீல் பண்ணுற ரகம் மறுநாள் வரை நிற்கும், ஆனா அதுக்குன்னு தனி அச்சு உள்ள மெஷின் வேணும். வெறும் அட்டை எண்ணெயையும் ஈரத்தையும் குடிச்சுடும், உள்ளே பூச்சு இருக்கான்னு பாருங்க. பிஎல்ஏ (தாவரச் சத்திலிருந்து செய்யுற பிளாஸ்டிக்) பூச்சும் பிஎல்ஏ ஜன்னலும்னா ரெண்டு விஷயம்: பிஓபிபியை விட நீராவியைப் பல மடங்கு வெளியே விடும், 60 டிகிரி பக்கத்தில் இளகிடும். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் காலிப் பெட்டிகளை வைக்காதீங்க.

அலுமினியம் ஃபாயில் யோசிச்சா, தக்காளி, ஊறுகாய் மாதிரி புளிப்பு நேரா படக்கூடாது, பொடிப்பொடியா ஓட்டை விழும். உள்ளே பட்டர் பேப்பர் சுத்திட்டு மேலே ஃபாயில் போடுங்க.

மொறுமொறு மேல்தோல் உள்ள நீள பிரெட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அதை முழுசா சீல் பண்ணினா உள்ளீரம் தோலுக்கு வந்து மொறுமொறுப்பு ஒரு மணி நேரத்திலேயே போயிடும். அதுக்குக் காகிதப் பை, இல்ல துளையிட்ட ஃபிலிம்.

குளிர்ச்சங்கிலி

ஃபிரீசருக்கு உங்கள் மூன்றில் எதுவும் இப்படியே போகாது. மயோனைஸ் உறைந்தால் எண்ணெய் பிரியும், வெந்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், லெட்டூஸ், வெள்ளரி, தக்காளி மூன்றும் உருகும்போது தண்ணீராகத் தொய்யும். வெண்ணெய், சீஸ், சிக்கன் மட்டும் வைத்துச் செய்து, பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, கவரில் சீல் செய்து, மைனஸ் 18 டிகிரியில் வைக்கலாம். காயைத் தனியாகக் கொடுங்கள்.

உருக வைக்கும்போது கவரைப் பிரிக்காமல் இரவு முழுதும் ஃபிரிட்ஜில் விடுங்கள். பிரித்து வைத்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பிரெட்டின்மேல் படியும். மூடியிருந்தால் அந்த ஈரம் கவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும், துடைத்துவிட்டு லேபிள் ஒட்டலாம். லேபிளிலும் குளிர்ப்பரப்பில் ஒட்டும் பசை உள்ளதையே கேளுங்கள், சாதாரணப் பசை ஈரத்தில் கழன்றுவிடும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.