செட்டிநாட்டு நகரத்தார் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த பெண் பூர்வீக வீட்டில் பங்கு கேட்கலாமா?

கோட்டையூர் மகள்:
அப்பச்சி (அப்பா) போனபின் தம்பிகள், பூர்வீக வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயார் செய்து, "சும்மா ஒரு கையெழுத்து, ஆச்சி" என்கிறார்கள். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்பது தப்பா?

தேவகோட்டையான்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் ஆச்சி. முறைச்சிட்டை (சீர்ப் பட்டியல்) எழுதி, வைரம், வெள்ளி, எவர்சில்வர், மரச்சாமான் என்று வீடு நிறையப் பரப்பிக் கொடுத்தார்களே, அது பங்கில்லாமல் வேறென்ன? அதற்காகக் கடன்பட்ட அப்பச்சிகளை எனக்குத் தெரியும். நம் வழக்கப்படி கல்யாணமானதும் நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக் கோயில் பிரிவைச் சேர்ந்துவிட்டீர்கள். இங்கே கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் புள்ளிவரி கட்டுவதும் முன்னோர் படைப்புக்கு நிற்பதும் ஓடு மாற்றுவதும் தம்பிகள்தான். எங்கள் வீட்டுக்கு இப்போதே 28 பங்கு. மழை வந்தால் இரண்டாம் கட்டு ஒழுகுகிறது, ஒரு கொத்தனாரைக் கூப்பிட எல்லாரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். பெண்மக்களும் சேர்ந்தால் வீடு இடிந்துதான் விழும்.

கானாடுகாத்தான் மருமகள்:
அண்ணே, அந்த முறைச்சிட்டையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மாமியாருக்கு இவ்வளவு, மாப்பிள்ளைக்கு இவ்வளவு என்று எத்தனை வரி இருக்கிறது பாருங்கள். எனக்கென்று வந்த சாமானும் அறையில் பூட்டிக் கிடந்தது, சாவி மாமியார் இடுப்பில் இருந்தது. கேட்டு வாங்குகிற வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடுத்தாயிற்று. அதைக் கொடுத்ததைக் காட்டியே பெண்ணுக்குச் சேர வேண்டிய பங்கை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

வீடு இடிவதற்கும் பெண்களா காரணம்? 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு நம்மவர்கள் அங்கே நடத்திய வட்டிக்கடைகளின் வரும்படி போயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைக்கு வருவதற்கு மகள்கள் பங்கு கேட்டதா காரணம்? ஆண் பங்காளிகள் ஒத்துப்போகாமல் பிரித்து விற்ற வீடுகளை நம் ஊரிலேயே எண்ணலாம்.

சட்டம் படித்தவள்:
கோட்டையூர் ஆச்சி, தேதிகளைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 9.9.2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு கிடையாது.

நம் ஊர் வீடுகளுக்கு இன்னொன்று முக்கியம். குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்க முன்வந்தால்தான் பெண் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாம் என்று 1956 சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொன்னது. 2005-ல் அதையும் நீக்கிவிட்டார்கள். அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கலைக்க முடியாது. ஆகவே முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தேவகோட்டையான்:
சட்டம் சரி. கோர்ட்டு வரை போன பிறகு உங்கள் பிள்ளைகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக யார் வந்து நிற்பார்?

புதுவயல் தங்கை:
நாங்கள் நகரத்தார் இல்லை. அப்பா அரிசி ஆலைக் கூலி, சொத்தென்று இருந்தது சின்ன ஓட்டு வீடு. அதற்கும் இதே தாய்மாமன் பேச்சுதான். அக்கா பயந்துபோய்க் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள், எழுதியிருந்ததை யாரும் படித்துக்கூடக் காட்டவில்லை. மச்சான் இறந்து, பிள்ளைகளோடு அவள் திரும்பி வந்தபோது அதே வீட்டுத் திண்ணையில்தான் படுத்தாள். அண்ணி முணுமுணுத்ததும் வாடகைக்குப் போய்விட்டாள். காதுகுத்துக்குத் தாய்மாமன் வந்தார், தோடு போட்டார், போட்டோவுக்கு நின்றார். வாடகைக்கு என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேவகோட்டையான்:
உங்கள் அக்காவுக்கு நடந்தது அநியாயம் தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் எல்லா வீட்டையும் அதோடு சேர்க்காதீர்கள்.

கோட்டையூர் மகள்:
வீட்டை விற்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை அண்ணே. ஓடு மாற்ற என் பங்குச் செலவைத் தருகிறேன், என் பெயர் இருக்கட்டும் என்று தம்பிகளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

தேவகோட்டையான்:
செலவில் பங்கெடுப்பவர் பெயர் இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். காசும் தராமல் பங்கு மட்டும் கேட்பவர்களை என்ன செய்வது?

கானாடுகாத்தான் மருமகள்:
உங்கள் 28 பங்கில் எத்தனை பேர் செலவுக்குக் காசு தருகிறார்கள்? தராத ஆண் பங்காளியிடம் விடுதலைப் பத்திரம் கேட்டிருக்கிறீர்களா அண்ணே?