18க்கு 12 அறையில் செய்தி அரங்கம்: பின்சுவருக்கு என்ன, தமிழ் எழுத்துக்கு என்ன வழி?

கேள்வி: குடந்தை_மருமகன்

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் மாமா உள்ளூர் கேபிளில் தினமும் இரவு அரை மணி நேரச் செய்தி நடத்துகிறார். பதிவு செய்து ஒளிபரப்பி, அதையே யூடியூபிலும் ஏற்றுகிறோம். இதுவரை ஒரு நீலத் திரைச்சீலை, ஒரு மேசை, இரண்டு விளக்கு. அவ்வளவுதான் எங்கள் அரங்கம். இப்போது கடை மாடியில் 18 அடிக்கு 12 அடி அறை கிடைத்திருக்கிறது. உயரம் 10 அடி.

மாமாவுக்குப் பெரிய சேனல்கள்மேல் கண். பின்னால் எல்இடி சுவர், கீழே இரண்டு ஸ்க்ரோல், மூலையில் சுழலும் லோகோ, கடிகாரம், தங்கம் விலை எல்லாம் வேண்டும் என்கிறார். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிக்கும் அக்கா தபால்தலை அளவில்தான் மிஞ்சுகிறார்.

பச்சைத் துணி கட்டிப் பின்னணியைக் கணினியில் போடலாமா, மரத்தில் அரங்கமே அமைக்கலாமா? எங்கள் மென்பொருளில் தமிழ் எழுத்து உடைகிறது: கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். அதற்கு வழி உண்டா? திரையில் எத்தனை பட்டைகள் வரை தாங்கும்? மாமாவிடம் சொல்லக் காரணமும் சேர்த்துத் தந்தால் புண்ணியமாகப் போகும்.

பதில் 1: மன்னை_வீடியோ

பச்சைத் துணிதான் சிக்கனம், தம்பி. பின்னணி தினம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் கல்யாண வீடியோவுக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம். மரவேலையில் இறங்கினால் பணம் தண்ணீராகப் போகும்.

பதில் 2: பழைய_பிசிஆர்

செய்திச் சேனல் ஒன்றின் கிராஃபிக்ஸ் பிரிவில் பல வருடம் இரவுப் பணி பார்த்தவன். எது பிடிக்கும் எது பிடிக்காது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பச்சைத் துணி மலிவுதான். அதற்கு வேண்டிய இடம்தான் மலிவில்லை. வாசிப்பவர் துணியிலிருந்து ஆறு முதல் எட்டு அடி தள்ளி உட்கார்ந்தால்தான் பச்சை வெளிச்சம் தோளிலும் கன்னத்திலும் ஏறாது. உங்கள் 18 அடியில் அந்த எட்டைக் கழியுங்கள். மீதிப் பத்தடிக்குள் மேசை, கேமரா, வாசிக்க வரிகளைக் காட்டும் பிராம்ப்டர், அதை ஓட்டும் ஆள் எல்லாம் அடங்க வேண்டும். துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. சாதாரண கேமராக்கள் 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன. நிற விவரம் கால் பங்குதான் மிஞ்சும். அதை வைத்துப் பச்சையை நீக்கினால் முதலில் பிசிறடிப்பது கூந்தல் ஓரம்தான். அப்புறம் புடவை. திருபுவனம் பக்கத்தில் இருந்துகொண்டு, பச்சைக் கரை இல்லாத பட்டாகப் பார்த்துக் கட்டி வா என்று அந்த அக்காவிடம் யார் சொல்வது?

எல்இடி சுவர் இந்த அறைக்கு ஆகாது. புள்ளிக்குப் புள்ளி 2.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சுவரில் கேமராவின் கூர்மை விழுந்தால் அந்தப் புள்ளிகளும் கேமராவின் சென்சாரும் மோதிக்கொண்டு அலைக்கோடுகள் நெளியும். சுவர் நன்றாகப் பின்னால் போய் மங்கினால்தான் அது அடங்கும். அதற்கும் இடம் வேண்டும். மாமா விடமாட்டார் என்றால் 55 அங்குல டிவி ஒன்றை ஒரு பக்கத் தோளுக்குப் பின்னால் மாட்டுங்கள். பிரகாசத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி, நிறத்தை ‘வார்ம்’ பக்கம் தள்ளுங்கள். கடையிலிருந்து வரும் டிவி நீலம் பாய்ந்துதான் இருக்கும். அப்படியே விட்டால் முகம் ஒரு நிறம், பின்புறம் ஒரு நிறம். கேமராவை நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேம், 1/60 என்று விட்டுவிட்டுப் படம் துடிக்கிறது என்று விளக்கைத் திட்டுபவர்கள் ஏராளம்.

இனி எழுத்து. உங்கள் கேள்வியில் எனக்கு ருசியான பகுதி இதுதான்.

‘கொ’ என்று நீங்கள் தட்டும்போது கணினி சேமிப்பது ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருள்தான் எழுத்தை உடைக்கிறது. பெரும்பாலும் எழுத்துருமேல் குற்றமில்லை. அடோபியின் பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்து இயந்திரத்தைத் ‘தெற்காசிய, மத்தியக் கிழக்கு’ என்று மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, புதிதாகத் தட்டிப் பாருங்கள். ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்தினால் எழுத்தை அதன் பிரவுசர் சோர்ஸில், அதாவது வலைப்பக்கமாக, கொண்டுவாருங்கள். உள்ளே இருப்பது குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியம். வலைத்தளத்தில் தமிழ் எப்படி ஒழுங்காகத் தெரிகிறதோ அப்படியே வரும். ஸ்வீடனின் பொது ஒளிபரப்பாளரான எஸ்விடி உருவாக்கி இலவசமாக வெளியிட்ட காஸ்பர்சிஜி என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளும் எச்டிஎம்எல் (வலைப்பக்க) வார்ப்புருக்களை ஏற்கும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி வகை எழுத்துருக்களுக்குத் திரும்பிப் போகாதீர்கள். அதில் உடையாது, உண்மை. ஆனால் செய்தியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு வரியை ஒவ்வொரு இரவும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எழுத்து சரியான பிறகும் இரண்டு வம்பு உண்டு. எழுத்தெழுத்தாகத் தட்டச்சாவது போன்ற அனிமேஷனைப் போடாதீர்கள். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புரு அது. ‘தொகுதி’ என்ற சொல் அதில் முதலில் ‘த’ என்று வந்து, மறு நொடி முன்னால் ஒரு கொம்பு முளைத்து, தகரம் வலப்பக்கம் துள்ளும். சொல் சொல்லாகவோ, வரி முழுவதுமாகவோ வரட்டும். அடுத்தது, பட்டைக்குள் அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது. அமுக்கினால் நிற்கும் கோடு மெலியும், படுக்கும் கோடு அப்படியே இருக்கும். ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்றாகும். அனெக் தமிழ் என்று இலவச எழுத்துரு இருக்கிறது. அதன் அகலத்தையே குறைத்துக்கொள்ளலாம்; கோட்டின் தடிமன் கெடாது. அதிலும் அடங்கவில்லையா, வாக்கியத்தைச் சுருக்குங்கள். இடம் போதவில்லை என்று ஒற்றெழுத்தை விழுங்கும் பழக்கத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

புள்ளியையும் கவனியுங்கள். பதிவைச் சுருக்கி யூடியூபில் ஏற்றியதும் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. தடித்த எழுத்து, கருநீலப் பட்டை, வெள்ளை நிறம். சிவப்பு எழுத்தைக் கறுப்பிலோ நீலத்திலோ போடாதீர்கள். 4:2:0வில் முதலில் கலங்குவது சிவப்பின் ஓரம். வரி இடைவெளியையும் ஆங்கில அளவில் விடாதீர்கள். மேல் வரியில் ஒரு ‘மூ’வும் கீழ் வரியில் ஒரு ‘கீ’யும் நேருக்கு நேர் வந்தால் இடித்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது? 1920க்கு 1080 படத்தில் பக்கங்களில் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டு உள்ளே வையுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் எழுத்துக்குச் சொல்லும் ஐந்து சதவீத எல்லை இதுதான். உங்கள் கேபிளில் படம் பழைய 4:3 ஆக வெட்டப்பட்டுப் போகிறதென்றால் கதை வேறு: இரு பக்கமும் 240 பிக்சல் போய்விடும், லோகோ உள்பட. யூடியூப் ஷார்ட்ஸுக்காக நடுவில் நெடுக்காக வெட்டினால் மிஞ்சும் அகலம் சுமார் 607 பிக்சல். பெயர்ப்பட்டை அதில் பாதிப் பெயரோடு நிற்கும். ஷார்ட்ஸுக்குப் பட்டை இல்லாத பதிவு ஒன்று தனியாக எடுத்து வையுங்கள்.

எத்தனை பட்டை? லோகோ ஒன்று, தலைப்புப் பட்டை ஒன்று. பேட்டி வரும்போது மட்டும் பெயர். எங்கள் பக்கம் அதை ஆஸ்டன் என்போம். வந்து ஐந்து, ஆறு நொடியில் போய்விட வேண்டும். கடிகாரம் எதற்கு? மறுநாள் காலையில் யூடியூப் பார்ப்பவருக்கு நேற்றிரவு 8.04 என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? தங்கம் விலையும் அப்படித்தான். ஸ்க்ரோல் என்பது 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கச் செய்திச் சேனல்கள் தகவல் வெள்ளத்தைச் சமாளிக்க ஓடவிட்டு, அப்புறம் நிறுத்தாமலே விட்டது. உங்கள் அரை மணி நேரத்தில் எந்த வெள்ளமும் இல்லை. போதாததற்கு, கேபிளில் மாமாவின் சொந்த விளம்பர ஸ்க்ரோல் அதே இடத்தில்தானே ஓடுகிறது? செய்தி ஸ்க்ரோலை அதன்மேல் ஓடவிட்டால் விளம்பரதாரர்தான் முதலில் தொலைபேசியில் கூப்பிடுவார். மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். மற்ற காரணங்கள் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பதில் 3: ரீப்பர்_கட்டை

அரங்க வேலை செய்கிறவன். மரவேலை என்றால் எல்லோரும் மாளிகை கட்டப்போவதாக நினைக்கிறார்கள். கேமராவுக்குள் வருவது ஏழெட்டு அடி அகலம்தான். அதற்கு வெளியே சுவர் சுவராகவே இருக்கட்டும். கேமராவை முதலில் நிறுத்தி, வாசிப்பவரை உட்காரவைத்து, கட்டத்துக்குள் வரும் இடத்தைத் தரையிலும் சுவரிலும் சாக்பீஸால் குறித்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.

சுவருக்கு பிளைவுட், பளபளப்பில்லாத பெயின்ட், ஒரு பக்கம் இரண்டு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), இரண்டு அங்குல இடைவெளி. நெருக்கமாக அடித்தால் மேலே சொன்ன அலைக்கோடு இங்கேயும் வரும். பொடிக் கட்டம் போட்ட சட்டைக்கும் அதே கதி. மேசைக்குப் பளபளப்பு சன்மைக்கா கூடாது. விளக்கு அதில் விழுந்து தாடைக்குக் கீழிருந்து அடிக்கும். நாற்காலி உயரம் மாறாததாக இருக்கட்டும். ஏற்றி இறக்கும் நாற்காலியில் நாளுக்கு நாள் தலை உயரம் மாறி, கேமராக்காரர் தினமும் அளந்துகொண்டிருப்பார்.

கருமையான பின்புறம் பிடிக்கிறதென்றால் பின்விளக்கு கட்டாயம். நம் ஆட்களின் முடி கறுப்பு. கருநீலச் சுவரின்முன் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. மேலே பின்னாலிருந்து ஒரு சிறிய விளக்கு தலையிலும் தோளிலும் விழட்டும்.

கோயில் படத்தை ஃப்ளெக்ஸில் அடித்துப் பின்னால் ஒட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் பக்கம் ஒருவர் பெரிய கோயிலை நடுவில் வைத்தார். செய்தி முழுக்க வாசிப்பவர் தலையிலிருந்து விமானம் எழும்பி நின்றது. படம் வேண்டுமென்றால் ஓரத்தில் வையுங்கள். ஃப்ளெக்ஸ் மினுங்கும், துணியில் அச்சடியுங்கள்.

குடந்தை_மருமகன்

அனைவருக்கும் நன்றி. விளம்பர ஸ்க்ரோல் விஷயத்தைச் சொன்னதும் மாமா ஒரு ஸ்க்ரோலை உடனே விட்டுக்கொடுத்துவிட்டார். தங்கம் விலையைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மன்னை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மரத்துக்கே போகிறோம். பழைய பிசிஆர் ஐயா, இன்னும் ஒன்று: அடுத்த வாக்கு எண்ணிக்கை நாளுக்குப் பெரிய சேனல் போல 234 தொகுதிக் கட்டம் போட வேண்டும் என்கிறார். எப்படி அடக்குவது?

பழைய_பிசிஆர்

அடக்காதீர்கள். மாநில எண்ணிக்கையும் பெரும்பான்மைக்கு வேண்டிய 118ம் எல்லாச் சேனலிலும் கிடைக்கும். உங்களைவிட வேகமாகவும் கிடைக்கும். தஞ்சாவூர் மாவட்டத்தில் எட்டுத் தொகுதி. திருவிடைமருதூர், கும்பகோணம், பாபநாசம், திருவையாறு, தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி. எட்டுக்கும் எட்டு வரிசை; ஒவ்வொன்றிலும் எத்தனையாவது சுற்று, யார் முன்னிலை, எத்தனை வாக்கு வித்தியாசம். பாபநாசத்தில் ஏழாவது சுற்றில் என்ன ஆயிற்று என்று பெரிய சேனல் சொல்லாது; உங்கள் நேயருக்கு அதுதான் வேண்டும்.

கட்டத்தின் அகலத்தைக் கும்பகோணத்தை வைத்து அளக்காதீர்கள். ‘திருவிடைமருதூர் (தனி)’ என்று தட்டி, அது அமுக்கப்படாமல் எத்தனை பிக்சல் எடுக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து வடிவமைப்பைத் தொடங்குங்கள். எண்களுக்கு எல்லா இலக்கமும் ஒரே அகலம் வரும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வாக்கு ஏற ஏற வரிசை இடமும் வலமும் ஆடும். தங்கம் விலையை அன்றைக்கு ஒரு நாளாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்.