மிதிவெடி அகற்றல்: நாளாந்தக் கணக்கும் கடைசியா வாற படமும் பொருந்துதில்லை, எதை எடுக்கிறது?

கிளிநொச்சிப்பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். வன்னியில மிதிவெடி அகற்றிற ஒரு நிறுவனத்தில டேற்றா வேலைக்குப் புதுசா சேர்ந்திருக்கிறன், எக்செல் நல்லா ஓடும், ஆனா களத்தில நிண்ட அனுபவம் இல்லை. பின்னேரம் பின்னேரம் ரீம் லீடர்மாரிட்ட இருந்து போம் வரும், இண்டைக்கு இத்தனை சதுர மீற்றர், இத்தனை மிதிவெடி எண்டு, அதை அப்பிடியே ஏத்துவன். இப்ப ஒரு காணி முடிஞ்சு எல்லையை அளந்து படம் வந்திருக்கு, பாத்தா என்ர கூட்டுத்தொகை படத்தில இருக்கிற பரப்பை விட நல்லாக் கூட நிக்குது. ஒராள் சொல்லுறார் ரெண்டு மூண்டு நாள் கணக்கைக் குறைச்சுப் பொருத்திவிடட்டாம். எனக்கு மனம் கேக்கேல்லை, நாளைக்குச் சனம் நடக்கப்போற காணியெல்லோ. தெரிஞ்ச அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

பளையக்கா:
பிள்ளை, பொருத்தி மட்டும் விட்டிடாதேங்கோ. நான் முகமாலைப் பக்கம் கனகாலம் ரேக், மண்ணைக் கிளறித் தேடிற வாரி, பிடிச்சனான், பிறகு ரீமும் பாத்தனான், அந்தக் கூடுதல் எங்கயிருந்து வருதெண்டு சொல்லுறன். ஒவ்வொரு லேனும், ஒராள் தேடிக்கொண்டு போற ஒடுங்கின கீற்று, பக்கத்து லேனுக்குள்ள கொஞ்சம் ஏறித்தான் போகும், நடுவில ஒரு விரலளவும் விடுபடக் கூடாதெண்டு, அந்த ஏறின துண்டு ரெண்டு பேற்ற போமிலயும் விழும். செக் பண்ண வாறவை திருப்பிச் செய்யச் சொன்னா அதுவும் திரும்ப ஏறும். மற்றது மண் அணை. முன்னரங்கில ரெண்டு பக்கமும் கட்டின அணைகள் தானே அங்க முழுக்க, நாங்கள் சரிவில டேப்பைப் பிடிச்சு அளப்பம், படம் மேலயிருந்து பாக்கிற மாதிரி தட்டையா வரும், அப்ப எப்பிடிப் பொருந்தும்? இதில ஒருதரும் களவு செய்யேல்லை. போமில எந்த லேன், எந்தக் கம்பில இருந்து எந்தக் கம்பு வரைக்கும், புதுசோ திருப்பிச் செய்ததோ எண்டு ஒரு இடம் போட்டுக் கேளுங்கோ, முக்கால்வாசி அதிலயே தெளிஞ்சிடும்.

படக்காரன்:
அக்கா சொன்னது சரி. நான் ஜிஐஎஸ், அதான் கணினியில படம் வரையிற பக்கம், வேலை செய்தனான். நாளாந்தக் கணக்கு வேலை என்ன வேகத்தில போகுது, எந்த ரீமை எங்க மாத்திறது எண்டு பாக்கத்தான். முடிஞ்ச பரப்பு எண்டு மேல போறது எல்லைப் புள்ளிகளில இருந்து வாற பரப்பு. ரெண்டையும் ரெண்டாவே வையுங்கோ, வித்தியாசத்துக்குக் காரணத்தைப் பக்கத்தில எழுதிவிடுங்கோ, ஒண்டை அழிச்சு மற்றதுக்குள்ள தள்ளாதேங்கோ.

ஆனா படம் எண்டாப்போல கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் ஏலாது. கையில பிடிக்கிற ஜிபிஎஸ் சில மீற்றர் பிழைக்கும். 20க்கு 20 துண்டு எண்டால் 400 சதுர மீற்றர், ஒவ்வொரு பக்கமும் 3 மீற்றர் வெளியால போய் விழுந்தா 26க்கு 26, 676 ஆயிடும். அதாலதான் பெஞ்ச்மார்க் எண்டு அசையாத அடையாளப் புள்ளி ஒண்டை நட்டு, அதில இருந்து எத்தனை பாகை எத்தனை மீற்றர் எண்டு ஒவ்வொரு திரும்பற புள்ளியையும் எழுதிறது. கண்டவல டேட்டம் எண்ட பழைய இலங்கை அளவை முறையில வரைஞ்ச படங்களை ஜிபிஎஸ் பாவிக்கிற டபிள்யூஜிஎஸ்84 முறைப் படத்துக்கு மேல மாத்தாமப் போட்டா எல்லை அப்பிடியே தள்ளிப்போய் வேற ஆற்றையோ காணியில நிக்கும், அதையும் ஒருக்காப் பாருங்கோ.

இன்னொண்டு, இதுதான் எனக்குப் பெரிசு. ஒரு காணி மூண்டு விதமா விடுபடும். ஊர்ச்சனத்தை விசாரிச்சு, பதிவுகளைப் பாத்து ஆபத்துக்குச் சான்றே இல்லையெண்டு நீக்கினது ஒண்டு, உள்ளுக்கு இறங்கித் தொழில்நுட்ப அளவை செய்து குறைச்சது ஒண்டு, மண்ணைத் தேடித் துப்புரவாக்கினது ஒண்டு. மூண்டையும் ஒரே நிரலில கூட்டினா ரிப்போட் வடிவா இருக்கும், ஆனா எந்த மண்ணை உண்மையிலயே கை தொட்டதெண்டு பிறகு ஒருதருக்கும் தெரியாது. இலங்கை 2017இல மிதிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது, எல்லாத்தையும் அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 தான் காலக்கெடு, ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் 30க்குள்ள அறிக்கை குடுக்கோணும். நீங்கள் ஏத்திற வரிதான் இம்ஸ்மா எண்ட மிதிவெடித் தகவல் தளத்துக்குள்ள போய் அந்த அறிக்கை வரைக்கும் ஏறுது. அவசரம் எல்லாருக்கும் இருக்கு, அதுக்காக நிரலைக் கலக்கேலாது.

கிளிநொச்சிப்பிள்ளை:
பெரிய உதவி, அண்ணை, அக்கா. எங்கட போமில அந்த மூண்டும் பிரிஞ்சுதான் இருக்கு, ஆனா மாத ரிப்போட்டில ஒண்டாக் கூட்டித்தான் கேக்கினம். பிரிச்சே குடுக்கிறன். இன்னொரு கேள்வி, எடுத்த மிதிவெடி ஒவ்வொண்டின்ர இடத்தையும் தனித்தனியாப் பதியோணுமோ, எண்ணிக்கை மட்டும் காணாதோ?

ஊருக்குத்திரும்பினவன்:
நான் இந்த வேலை தெரிஞ்சவன் இல்லை, காணிக்காரன். குறுக்க வாறதுக்குக் குறை நினையாதேங்கோ. எங்கட காணி கையளிச்சு நாங்கள் போய் இருக்கிறம், சந்தோசம், அந்தப் பிள்ளையள் வெயிலுக்க முழங்காலில நிண்டு செய்த வேலை, மறக்கமாட்டம். ஆனா கிணறு வெட்ட, அத்திவாரம் போட வெளிக்கிட்டா எவ்வளவு ஆழம் வரைக்கும் பாத்தவை எண்டு தெரியோணும். வேலியடியில எங்க முடிச்சவை எண்டும் தெரியோணும், நட்ட கம்பெல்லாம் மழையோடயும் மாட்டோடயும் போட்டுது. அதெல்லாம் எங்கையாவது எழுதியிருக்குமோ?

படக்காரன்:
ஓம் அண்ணை, இருக்கும், இருக்கோணும். முடிவறிக்கையில எல்லையும் ஆழமும் போடுறது. கிளிநொச்சியில பிராந்திய மிதிவெடி அலுவலகம் இருக்கு, காணி விவரத்தோட போய்க் கேளுங்கோ. சொன்ன ஆழத்துக்குக் கீழ தோண்டிறதெண்டா தொடங்க முதலே கேட்டிட்டுச் செய்யுங்கோ. எதையும் கண்டா தொடாதேங்கோ, வந்த வழியால திரும்பிப்போய் அறிவியுங்கோ.

பளையக்கா:
பிள்ளையின்ர கேள்விக்கு வாறன். எண்ணிக்கை காணவே காணாது. ஒவ்வொண்டின்ர இடம், வகை, ஆழம் மூண்டும் பதியோணும். ஆமி ஒழுங்கா வரிசையில புதைச்ச பீ4 வகை மிதிவெடி எண்டு வையுங்கோ, எடுக்க எடுக்க படத்தில புள்ளி வைச்சுக்கொண்டு போனா வரிசை தானா எழும்பி வரும், ரெண்டுக்கும் இடையில எவ்வளவு தூரமெண்டும் பிடிபடும். அப்ப ஒரு இடத்தில புள்ளி இருக்கவேண்டியது இல்லையெண்டால் அங்க நிப்பாட்டிக் கேக்கலாம், மாடு மிதிச்சு வெடிச்சதோ, வெடிச்ச குழியும் துண்டும் கிடக்கோ, வெள்ளம் இழுத்ததோ, இல்லை நாங்கள் விட்டுட்டமோ எண்டு. வரிசை எல்லைக்கு வெளியால போற மாதிரித் தெரிஞ்சா எல்லையைத்தான் நீட்டோணும். புலிகள் செய்த ரங்கன்99 மிதிவெடி எண்டா அப்பிடி வரிசையை நம்பி இருக்கேலாது, கண்டபாட்டுக்கும் கிடக்கும், அதுக்கு இன்னும் கவனமாப் பதியோணும். ஒண்டும் கிடைக்காத நாளையும் வெறுமையா விடாம பூச்சியமெண்டு எழுதுங்கோ. வெறும் கட்டமெண்டால் வேலை நடக்கேல்லையோ, நடந்தும் கிடைக்கேல்லையோ எண்டு பிறகு பாக்கிற ஆளுக்கு விளங்காது.