இரவுக் காவல்: காசு கொடுத்தவரின் முகம் எங்கே?

மைக்கூடு:
டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' (1642), பலர் சேர்ந்து காசு போட்டுத் தங்கள் முகங்களை ஒரே படத்தில் வரையச் சொல்லும் குழு உருவப்படங்களிலேயே சிறந்தது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அருமையான ஓவியம், சரி. ஆனால் குழு உருவப்படமா? ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல்படையினர் தங்கள் கூடத்தில் மாட்டுவதற்காக, தலைக்குச் சுமார் 100 கில்டர் (அக்கால டச்சு நாணயம்) போட்டு வரையச் சொன்ன படம் அது. வலப்பக்கம் பாருங்கள். ஒருவர் நீட்டிய கை, பின்னால் நிற்பவரின் பாதி முகத்தை மறைக்கிறது. யார் யார் என்று தெரிய, பிற்பாடு படத்திலேயே ஒரு கேடயத்தை வரைந்து 18 பேரின் பெயரை எழுத வேண்டி வந்ததே!

நீலவண்ணன்:
நண்பரே, எல்லோரும் ஒரே தொகை கொடுக்கவில்லை. படத்தில் உள்ள ஒருவரே பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார்: 100 கில்டர் சராசரிதான், படத்தில் கிடைத்த இடத்துக்கு ஏற்பக் கூடக்குறைய. அப்புறம், காப்டன் நீட்டிய இடக்கையின் நிழல் லெப்டினன்டின் மஞ்சள் உடுப்பில் விழுவதைக் கவனித்தீர்களா? படை கிளம்புகிறது, நம்மை நோக்கியே வருகிறது. அதற்குமுன் இதே வகைப் படங்களில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இதன் பக்கத்தில் மற்றவை சீட்டுக்கட்டுபோல இருக்கின்றன என்று 1678-லேயே ரெம்பிராண்டின் மாணவர் ஹூக்ஸ்ட்ராட்டன் எழுதிவிட்டார்.

மைக்கூடு:
அவர் எழுதியதில் பாதியை விட்டுவிட்டீர்களே. கேட்டு வாங்கிய தனித்தனி முகங்களைவிடத் தன் மொத்தப் படத்தைத்தான் ரெம்பிராண்ட் பெரிதாக நினைத்தார் என்று பலர் கருதியதையும் அவரே சொல்கிறார். சாட்சியை நான் ஒப்புக்கொள்கிறேன். குறைவாகக் கொடுத்தாலும் முகம் முகம்தானே?

தறிக்காரர்:
இருவரும் அதே கால டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸை மறந்துவிட்டீர்கள். ஹார்லெம் நகரின் புனித ஜார்ஜ் காவல்படையில் அவரே உறுப்பினர். அதனால்தானோ என்னவோ, கூட இருந்து சாப்பிட்டவரைப்போல வரைந்திருக்கிறார். அந்தப் படை அதிகாரிகளின் 1627 விருந்துப் படத்தில் ஒரு காப்டன் காலிக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். 'ஊற்றுங்கப்பா' என்று கேட்பதுபோலவே இருக்கும். அசைவும் உண்டு, ஒரு முகமும் தொலையவில்லை.

நீலவண்ணன்:
ஹால்ஸ் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் 1633-இல் ஆம்ஸ்டர்டாம் படையினருக்காகத் தொடங்கிய படத்தை அவர் முடிக்கவே இல்லை. அங்கே போக மறுத்து, தலைக்கு 66 கில்டர் என்று பேசியும் நடக்காமல், கடைசியில் பீட்டர் கோடே என்ற வேறொரு ஓவியர் வந்து 1637-இல் முடித்தார். காசு போட்டவர்கள் நான்கு வருஷம் காத்திருந்தார்கள்.

மைக்கூடு:
காத்திருந்தாலும் ஒவ்வொருவருக்கும் முழு முகம் கிடைத்தது, அண்ணா.